மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளும் பழைய ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான போராட்டத்தால் அரிட்டாபட்டி பேர் செய்தியில் வந்ததிலிருந்து, மதுரைப் பக்கத்துக் குன்றுகளைப் பார்க்கப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

மதுரையில எனக்குத் தெரிஞ்சது திருப்பரங்குன்றமும் அழகர்கோயிலும்தான். வேற என்ன மலை இருக்கு, எதுல ஆரம்பிக்கிறது?

நகரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு குன்று இருக்கிறது. வடகிழக்கே மேலூர் சாலையில் ஒத்தக்கடை யானைமலை, அதையும் தாண்டி அரிட்டாபட்டி, மாங்குளம், திருவாதவூர், கீழவளவு, கருங்காலக்குடி. மேற்கே தேனி சாலையில் நாகமலை, கீழக்குயில்குடி சமணர்மலை, முத்துப்பட்டி பெருமாள்மலை, கொங்கர்புளியங்குளம், இன்னும் உள்ளே போனால் விக்கிரமங்கலம். கிழக்கே வரிச்சியூர். அழகர்மலையிலேயே கோயில் பக்கம் இல்லாமல் கிடாரிப்பட்டி பக்கமாக ஏறினால் அது வேறு ஓர் உலகம்.

முதல் தடவை என்றால் கீழக்குயில்குடிக்குப் போங்கள். ஊரிலிருந்து பக்கம், சுமார் 12 கிலோமீட்டர்தான். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். ஏறப் படி இருக்கிறது, ஏற்றமும் அதிகம் இல்லை, பார்க்கவும் நிறைய இருக்கிறது. அது பிடித்துப்போனால் மற்ற மலைகள் தானாக உங்களை இழுத்துக்கொள்ளும்.

யானைமலை, அரிட்டாபட்டி எல்லாம் செத்துப்போன எரிமலைன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சுண்ணே, உண்மையா?

இல்லை. மதுரைப் பக்கம் ஒரு குன்றுகூட எரிமலை கிடையாது. இந்தியாவில் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமான் கடலில் இருக்கிற பாரன் தீவு. எரிமலைக் குழம்பு பரவி உறைந்த கருங்கல் நிலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்துத் தக்காணப் பகுதிக்குப் போக வேண்டும், அது சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தையது. நம் பாறைகள் அதைவிடப் பல மடங்கு பழையவை. சார்னோகைட், நைஸ், கிரானைட் என்று பல வகை கலந்து கிடக்கின்றன. எல்லாமே பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானவை. கடைசியாக அப்படி வெந்து உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன்னால்.

அப்புறம் எப்படி மொட்டையாக, உருண்டையாக நிற்கின்றன? மேலே மூடியிருந்த மண்ணும் கல்லும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துப் போக, உள்ளே இருந்த கடினமான பாறை வெளியே வந்துவிட்டது. மேலிருந்த பாரம் போனதும் பாறை கொஞ்சம் விரிகிறது, விரியும்போது வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிகிறது. கீழக்குயில்குடியில் ஏறும்போது பக்கவாட்டில் பாருங்கள், உரிந்து சரியப் போகிற பலகைகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த அடுக்குகளுக்கு இடையில்தான் மழைத்தண்ணீர் இறங்கித் தேங்கிச் சுனையாகக் கசிகிறது. பெரிய பலகை ஒன்று பாதி உடைந்து தொங்கினால் அதன் அடியில் புடவு, அதாவது இயற்கைக் குகை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதி பதில்களுக்கு இதுதான் அடிப்படை. புடவும் சுனையும் ஒரே இடத்தில் கிடைத்ததால்தான் அங்கே ஆட்கள் வந்து தங்கினார்கள்.

அப்ப யானைமலை நிஜமாவே யானை கல்லானதுன்னு எங்க அப்பத்தா சொன்னது?

அப்பத்தா சொன்னது திருவிளையாடல் கதை. பாண்டியன் மேல் கோபம்கொண்ட சமணர்கள் வேள்வி செய்து ஒரு யானையை ஏவினார்கள், சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்கக் கணை எய்து அதை வீழ்த்தினார், அதுதான் யானைமலை. அடுத்து பாம்பை ஏவினார்கள், அது நாகமலை. அடுத்து மாயப்பசு, அது பசுமலை. ஒத்தக்கடைக்கு முன்பே சாலையிலிருந்து பார்த்தால் துதிக்கையை நீட்டிப் படுத்த யானை அப்படியே தெரியும். நாகமலையும் மேற்கே கிலோமீட்டர் கணக்கில் நெளிந்து கிடக்கும். பார்க்கிற எந்த மனிதருக்கும் கதை தோன்றத்தான் செய்யும்.

பாறை எப்படி வந்தது என்பதற்கு முந்தைய பதில். ஊர் மனதில் மலை எப்படி இருக்கிறது என்பதற்கு இந்தக் கதை. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

எந்த மாசம் போகலாம்? காலையில எத்தனை மணிக்கு?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்த கையோடு போனால் சுனைகள் நிரம்பி, கண்மாய்கள் தளும்பி, வயல் பச்சையாக இருக்கும். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் மட்டும் ஏற வேண்டாம், பாசி பிடித்த சரிவில் கால் நிற்காது. ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரம்தான் மாதத்தைவிட முக்கியம். ஆறரை மணிக்கு அடிவாரத்தில் இருங்கள், பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். வெறும்பாறை சீக்கிரம் சூடேறும், அப்புறம் அந்தச் சூடு மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும். சாயங்காலம் போகிறவர்கள் நாலரைக்கு ஏறி இருட்டும் முன் இறங்குங்கள். மேலே விளக்கு கிடையாது.

பஸ்ல போக முடியுமா, இல்ல வண்டி வேணுமா?

கீழக்குயில்குடிக்குப் பெரியார் நிலையத்திலிருந்து நகரப் பேருந்து உண்டு. அது கிடைக்காவிட்டால் நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி ஆட்டோ. யானைமலைக்கு ஒத்தக்கடையில் இறங்கினால் நரசிங்கம் கோயில் வரை நடந்தே போகலாம். மேலூருக்கு மாட்டுத்தாவணியிலிருந்து வண்டி வந்துகொண்டே இருக்கும். ஆனால் அரிட்டாபட்டி, மாங்குளம் மாதிரி உள்ளடங்கிய ஊர்களுக்குப் பேருந்து குறைவு, அதனால் இறங்கும்போதே திரும்பிப் போகும் வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருசக்கர வண்டி இருந்தால் மிகவும் சௌகரியம்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். மலையடியில் கடை, கழிப்பறை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். சுனைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அது குரங்குக்கும் பறவைக்கும்.

ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல அஞ்சாறு மலை முடிச்சிரலாமா?

முடிக்கலாம். எதுவும் மனதில் நிற்காது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் ஊருக்குள் கொஞ்சம் உட்கார்ந்து பேச நேரம், இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திசையில் சேர்த்துக்கொண்டால் அலைச்சல் குறையும். காலையில் அரிட்டாபட்டி என்றால் சாயங்காலம் யானைமலை. காலையில் கொங்கர்புளியங்குளம் என்றால் சாயங்காலம் கீழக்குயில்குடி.

பாறையில படுக்கை படுக்கையா வெட்டி வச்சிருக்காங்களே, பஞ்சபாண்டவர் வனவாசத்துல படுத்ததுதானே அது?

ஊரில் பஞ்சபாண்டவர் படுக்கை, பஞ்சபாண்டவர் மலை என்றுதான் சொல்வார்கள், நீங்களும் வழி கேட்கும்போது அப்படியே கேளுங்கள், உடனே கைகாட்டுவார்கள். ஆனால் அவை சமணத் துறவிகளுக்காக வெட்டிக் கொடுக்கப்பட்டவை. துறவிகள் மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்க மாட்டார்கள், ஈரமண்ணில் புழு பூச்சி மிதிபடும் என்பதால் ஒரே இடத்தில் தங்குவார்கள். அதற்குத்தான் இந்தப் புடவுகள்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படுக்கையைத் தடவிப் பாருங்கள். ஓர் ஆள் நீளம், முதுகுக்கு வழுவழுப்பாகத் தேய்த்த தளம், தலைப்பக்கம் மட்டும் தலையணைக்குக் கொஞ்சம் மேடு, ஒரு படுக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவில் மெல்லிய வரப்பு, ஓரத்தில் உளி விழுந்த தடம். அப்படியே நிமிர்ந்து குகையின் நெற்றியைப் பாருங்கள். பாறை விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் அந்த வெட்டில் தடுத்துச் சொட்டிவிடும், உள்ளே படுத்திருப்பவர் நனைய மாட்டார். ஈராயிரம் ஆண்டு கழித்தும் இன்றைக்கு மழை பெய்தால் அந்தக் காடி தன் வேலையைச் செய்கிறது, அதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

கல்வெட்டு இருக்குன்னு போனேன், எவ்வளவு தேடியும் ஒரு எழுத்துகூட கண்ணுக்குத் தெரியல. எங்க பார்க்கணும்?

மேலே சொன்ன காடி இருக்கிறதல்லவா, அதற்குச் சற்று மேலே அல்லது கீழே பாருங்கள். சில இடங்களில் படுக்கையின் தலைமாட்டிலும் இருக்கும். உச்சிவெயிலில் எழுத்து பாறையோடு கலந்துவிடும், காலை மாலைச் சாய்வெயிலில்தான் எழும்பித் தெரியும். இவை தமிழி எழுத்து, தமிழ்ப் பிராமி என்றும் சொல்வார்கள். கோடும் வட்டமுமாக எளிய உருவங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தால் சீக்கிரம் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எதைப் படிக்கிறோம் என்று தெரிந்து போனால் சுவை கூடும். மாங்குளத்துக் குன்றில் ஆறு கல்வெட்டுகள், சுமார் 2200 ஆண்டு பழையவை. கணி நந்தன் என்ற துறவிக்காகப் பள்ளி, அதாவது துறவிகள் தங்குமிடம், அமைத்ததையும் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பேரையும் வெள்ளறை ஊர் வணிகர் குழுவையும் சொல்கின்றன. இராபர்ட் சீவெல் 1882-இல் இதைக் கவனித்தார், தமிழ்தான் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் காட்டினார், நெடுஞ்செழியன் பேரை 1960-களில் ஐராவதம் மகாதேவன் படித்தார். முத்துப்பட்டியில் முசிறிக்காரர் ஒருவர் பேர் வருகிறது. முசிறி மேற்குக் கடற்கரைத் துறைமுகம், நினைத்துப் பாருங்கள். கீழவளவில் கொடை கொடுத்தவர் தொண்டிக்காரர், அந்த எழுத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் வெட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் படிக்க முடியவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அழகர்மலை. மதுரையைச் சேர்ந்த உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்பவன், கலப்பைக் கொழு விற்பவன், துணி வணிகன், பொற்கொல்லன் என்று ஒரு கடைத்தெருவே அங்கே பேர் எழுதியிருக்கிறது. அரசன் மட்டும் இல்லை, கடைக்காரர்களும் சேர்ந்து கொடுத்த இடங்கள் இவை.

கீழடிக்கும் இந்த மலைக்கும் சம்பந்தம் இருக்கா?

அங்கே பானை ஓடுகளில் ஆட்கள் பேர் எழுதி வைத்த அதே தமிழி எழுத்துதான் இங்கே பாறையில். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சமூகம் சமவெளியில் எப்படி வாழ்ந்தது என்பதைக் கீழடி அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு மலைக்கு வந்தால் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தும். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது.

அரிட்டாபட்டின்னு பேர் மட்டும் கேள்விப்பட்டிருக்கேன். அங்க போய் என்னத்தப் பார்க்கறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், மேலூர் வட்டம். அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது, மாநிலத்தில் அதுதான் முதலாவது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், சுமார் 200 சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்று அந்த அறிவிப்பு சொல்கிறது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது பெரிய விஷயம். எறும்புத்தின்னியும் தேவாங்கும் மலைப்பாம்பும் இருக்கின்றன. அவை உங்களுக்காக வெளியே வந்து நிற்காது, அதற்காக ஏமாற்றம் அடைய வேண்டாம்.

கழிஞ்சமலையின் ஒரு பக்கம் பாறையைக் குடைந்த சிவன் கோயில், முற்காலப் பாண்டியர் காலத்தது. லிங்கம் தாய்ப்பாறையிலேயே வெட்டியது. முகப்பில் ஒருபுறம் பிள்ளையார், மறுபுறம் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் இலகுலீசர். இலகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம், அவசரமாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மலையின் இன்னொரு பக்கம் புடவு. அதன் நெற்றியில் இரண்டு தமிழிக் கல்வெட்டுகள், நெல்வேலிக்காரர் ஒருவரும் இலஞ்சிக்காரர் ஒருவரும் கொடுத்த கொடை. இரண்டாவது 2003-இல்தான் கண்ணில் பட்டது. அதே இடத்தில் சமணர்கள் வணங்கும் தீத்தங்கரர் சிற்பம், சுதையும் வண்ணமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. அச்சணந்தி என்ற துறவி செய்வித்தது என்றும் மலையின் அன்றைய பேர் திருப்பிணையன் மலை என்றும் அதில் இருக்கிறது. அச்சணந்தி பேரை மறக்காதீர்கள், கொங்கர்புளியங்குளத்திலும் கீழக்குயில்குடியிலும் மறுபடி சந்திப்பீர்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு நேரே வண்டியை எடுத்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். கண்மாய்க் கரையில் ஏறி நடங்கள். ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது. குன்றில் விழும் மழை எந்தச் சரிவில் வழிந்து எந்தக் கண்மாய்க்குப் போய், அது நிறைந்து எந்த மடை வழியாக எந்த வயலுக்குப் பாய்கிறது என்று கரையில் மாடு மேய்க்கிற எந்தப் பெரியவரைக் கேட்டாலும் கைநீட்டிச் சொல்லிவிடுவார். அந்தக் குன்றை உடைத்தால் இந்த வயல் இல்லை. ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் வேடிக்கை பார்க்கிற இடம் கிடையாது, தண்ணீர். இது புரிந்தால்தான் அடுத்த கேள்விக்கும் பதில் புரியும்.

டங்ஸ்டன் பிரச்சினை முடிஞ்சிருச்சா? இப்பப் போனா ஊர்ல ஏதும் சொல்வாங்களா?

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பேரில் இந்தப் பகுதியில் சுமார் 2015 ஹெக்டேருக்கு ஏலம் முடிந்தது என்று மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. அரிட்டாபட்டியோடு சுற்றுவட்ட ஊர்கள் எல்லாம் எழுந்தன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம், 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வந்த பேரணி, கடைசியில் ஜனவரி 23-ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக அமைச்சகமே அறிவித்தது.

போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் கருவியோடு வந்து அளந்தாலோ கல்லைத் தட்டினாலோ ஊரில் விசாரிப்பார்கள், அது நியாயம்தான். இறங்கியதும் டீக்கடையில் நின்று, எங்கிருந்து வருகிறோம், மலையைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். அப்புறம் வழிகாட்ட ஆள் தானாக வருவார். பதிலுக்கு அவர் நேரத்துக்கு ஏதாவது கொடுங்கள், வாங்க மறுத்தால் ஊர்க் கோயில் உண்டியலில் போட்டுவிடுங்கள்.

செருப்போட ஏறலாமா? பொம்பளைங்க போகக்கூடாதுன்னு எதாவது இடம் இருக்கா?

பாறையில் செருப்போடு ஏறலாம், நல்ல பிடிமானமுள்ள காலணி என்றால் இன்னும் நல்லது. கோயில் எல்லையும், சாமி இருக்கும் மரமும், காவல் தெய்வத்தின் பீடமும் வந்தால் கழற்றிவிடுங்கள். கீழக்குயில்குடியில் அய்யனார் கோயிலைத் தாண்டித்தான் மலைக்கே போகிறோம். கருப்புக்கு நேர்ந்துவிட்ட பொருள், அரிவாள், மண்குதிரை எதையும் தொடாதீர்கள். தீர்த்தங்கரர் சிற்பங்களின் முன்னாலும் அதே மரியாதை வேண்டும், அவற்றைக் கும்பிட இன்றைக்கும் சமணர்கள் வருகிறார்கள். குடியும் கறிச்சமையலும் மலைமேல் வேண்டவே வேண்டாம்.

பெண்களைப் பொறுத்தவரை, சிற்பங்களும் படுக்கைகளும் இருக்கும் இடங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. சில ஊர்க் கோயில்களுக்கு மட்டும் தனி வழக்கம் இருக்கலாம், பூசாரியையோ ஊர்ப் பெண்களையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்க அம்மாவுக்கு அறுபத்தஞ்சு, முட்டுவலி. பிள்ளைகளும் வருது. எதுவரைக்கும் கூட்டிட்டுப் போகலாம்?

அம்மாவுக்கு அரிட்டாபட்டிக் குடைவரையும் யானைமலை நரசிங்கமும். இரண்டுக்கும் பெரிய ஏற்றம் இல்லை. நரசிங்கத்துக் குடைவரை கி.பி. 770-இல், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி தொடங்கி, அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்தது. அம்மா சாமியும் கும்பிட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்குக் கீழக்குயில்குடி. அங்கே இரண்டு இடம், குழப்பிக்கொள்ளாதீர்கள். செட்டிப்புடவு மலையின் ஒரு கோடியில், கொஞ்சம் படிதான், வெளியே பெரிய தீர்த்தங்கரர், குகைக்குள் விதானத்தை ஒட்டிச் சிங்கத்தில் ஏறி யானைமேல் வருபவனோடு போரிடும் இயக்கி, அதாவது சமணர்களின் காவல் பெண்தெய்வம். தலையை அண்ணாந்து பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். பேச்சிப்பள்ளம் அய்யனார் கோயிலுக்கு மேலே, சுனையை ஒட்டி வரிசையாக எட்டுச் சிற்பங்கள். அதற்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி நின்ற அடித்தளம் இருக்கிறது, அங்கிருந்து உச்சி சரிவானது, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாங்குளம் இவற்றைவிட ஏற்றம், முட்டுவலிக்காரர்களுக்கு வேண்டாம்.

பாம்பு, குரங்கு?

பாம்பு இருக்கும். பாறை இடுக்கில் பார்க்காமல் கைவைக்காதீர்கள், அவ்வளவுதான். குரங்கு கையிலிருக்கும் பிளாஸ்டிக் பைக்குத்தான் வரும், பையே கொண்டுபோகாதீர்கள். நான் பயப்படுவது தேனீக்கு. செங்குத்துப் பாறையின் அடியில் பெரிய பெரிய அடையாகத் தொங்கும். அதற்குக் கீழே கத்துவது, புகைப்பது, கல் எறிவது ஆபத்து. அடை கண்ணில் பட்டால் சத்தமில்லாமல் விலகி வேறு வழியில் போங்கள்.

சமணர்களைக் கழுவேத்தினது இந்த மலைலதான்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். அப்படின்னா அதுக்கப்புறம் சமணமே இல்லையா?

எண்ணாயிரம் பேர் கழுவேறினார்கள் என்பது சம்பந்தர் கதையில் வருவது. சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டு. ஆனால் பாறை சொல்வதைக் கேளுங்கள். அச்சணந்தி பேர் வரும் சிற்பங்கள், பேச்சிப்பள்ளத்து வரிசை, யானைமலையின் மேல் வண்ணத்தோடு இருக்கும் தீர்த்தங்கரர்கள், எல்லாம் 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் வெட்டியவை. மேலே சொன்ன மாதேவிப் பெரும்பள்ளியும் 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தில், அவன் தேவி பேரால் எழுந்தது. அதாவது சம்பந்தருக்கு இருநூறு முந்நூறு ஆண்டு கழித்தும் அரச குடும்பத்தின் ஆதரவோடு, மாணவர் கூட்டத்தோடு சமணப் பள்ளிகள் இங்கே நடந்திருக்கின்றன. அருப்புக்கோட்டைப் பக்கம் குறண்டியிலிருந்த பெரிய பள்ளியின் மாணாக்கர்கள் பேர்கூடப் பேச்சிப்பள்ளத்தில் இருக்கிறது.

சமயச் சண்டையே இருந்ததில்லை என்று சொல்ல வரவில்லை, இருந்திருக்கிறது. ஆனால் ஒரே யானைமலையில் பெருமாளும், லாடன்கோயில் முருகனும், சமணப் படுக்கைகளும், தீர்த்தங்கரர்களும் நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே நின்று யாரையாவது இழிவாகப் பேச இந்தக் கதையைப் பயன்படுத்துகிறவர்களோடு நான் சேர்ந்து போவதில்லை.

பழைய ஊருன்னு சொல்றீங்க, ஊருக்குள்ள பார்க்க அரண்மனை, பழைய வீடு ஏதாவது இருக்கா?

அப்படி எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஓட்டுவீடும் காரைவீடும் கலந்த சாதாரண ஊர்கள்தான். பழமை மந்தையிலும் கண்மாயிலும் கோயில் முறையிலும் இருக்கிறது. திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர், கபிலருக்கும் அதுவே ஊர் என்பார்கள். கீழக்குயில்குடிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம், ஊரில் ரேகைச் சட்டம் என்பார்கள், மதுரைப் பக்கம் முதலில் பாய்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. ஆண்பிள்ளைகள் ராத்திரி சொந்த வீட்டில் தூங்க முடியாமல் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க வைத்த சட்டம். அதை எதிர்த்து உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களை இன்றைக்கும் அந்த ஊர் கும்பிடுகிறது. பெரியவர்கள் தாமாக இதைப் பேசினால் கேளுங்கள், கிண்டிக் கிண்டி விசாரிக்காதீர்கள்.

கீழவளவு பக்கம் பச்சைத் தண்ணியோட பெரிய பெரிய குளம் இருக்கே, குளிக்கலாமா?

கூடாது. அவை குளம் இல்லை, கிரானைட் வெட்டிய பள்ளங்கள். கரை செங்குத்தாக அறுத்த கல், விழுந்தால் பிடித்து ஏற ஒரு விளிம்புகூட இருக்காது, ஆழமும் தெரியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இறங்க வேண்டாம்.

2012-இல் வெளியே வந்த கிரானைட் முறைகேடு, 2014-இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரித்தது, எல்லாம் இந்த வட்டாரத்தில்தான். பஞ்சபாண்டவர் மலைக்கு ஏறிச் சுற்றிலும் பாருங்கள், எது குன்று, எது குன்று இருந்த இடம் என்று தெரியும்.

கல்யாண போட்டோ ஷூட், ட்ரோன்?

ட்ரோன் வேண்டாம். வல்லூறுகள் கூடு வைக்கும் பாறை முகப்பில் அது பறந்தால் பறவை குஞ்சை விட்டுவிட்டு அதைத் துரத்தும். தேனீயும் கிளம்பும். இந்த இடங்கள் பெரும்பாலும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை, போட்டோ ஷூட்டுக்கு அனுமதி வாங்க வேண்டும். கைப்போனில் படம் எடுத்துக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. சிற்பத்தின் மடியில் ஏறி உட்கார்வதும், எழுத்து தெளிவாகத் தெரிய சுண்ணாம்போ மாவோ தடவுவதும் கூடவே கூடாது. சாய்வெயில் வரும்வரை காத்திருங்கள், அது போதும். படுக்கைகளில் பெயிண்டால் பேர் எழுதி அம்புவிட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சுரண்டி எடுக்கப் போனால் பாறையும் சேர்ந்து போகும், அதனால் அதையும் நீங்களாகச் செய்யாதீர்கள்.

தனியாப் போக யோசனையா இருக்கு. கூட்டிட்டுப் போறவங்க யாராவது இருக்காங்களா?

பசுமை நடை என்ற குழு 2010-லிருந்து இந்த மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போய் விளக்கம் சொல்லிவருகிறது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்துக்கு ஊர் எதிர்ப்பு எழுந்த காலத்தையொட்டி உருவான குழு அது. குடும்பத்தோடு வருகிறவர்கள் நிறைய. தனியாகப் போகிறவர்கள், ஆணோ பெண்ணோ, ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். இறங்கி வந்ததும் வந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

மேல ஏறும்போது போர்டே இல்லாத இடத்துல எழுத்து மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. என்ன செய்யணும்?

இது நடக்கக்கூடியதுதான். அரிட்டாபட்டியில் 2003-இல் ஒன்று கிடைத்ததைச் சொன்னேன், எத்தனையோ பேர் ஏறி இறங்கிய கீழக்குயில்குடி மலையிலேயே 2012-இல் புதிதாக ஒரு தமிழிக் கல்வெட்டு கிடைத்தது. தேய்க்காமல், தண்ணீர் ஊற்றாமல் சற்றுத் தள்ளி நின்று ஒரு படம், பக்கத்தில் ஒரு படம், அளவு தெரிய ஒரு பேனாவை அருகில் வைத்து இன்னொரு படம் எடுங்கள். இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் கிராம நிர்வாக அலுவலரிடமும் மதுரையிலுள்ள தொல்லியல் துறை அலுவலகத்திலும் சொல்லுங்கள். இடத்தின் துல்லியமான குறிப்போடு முகநூலில் உடனே போட்டுவிடாதீர்கள், புதையல் என்று நினைத்து ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டுகிறவர்கள் உண்டு. துறை ஆட்கள் வந்து படியெடுத்த பிறகு எல்லாருக்கும் சொல்லிக்கொள்ளலாம்.